கட்டிலருகே கற்போர்

நெய்வேலியில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் செவிலியர் கல்வியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு மருத்துவம் தெரியாது. ஊசி போடுவதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஆயினும், தொழில் ஒன்றைக் கைப்பழக்கமாகக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களுக்கு யார், எங்கே, எப்படித் துணை நிற்பது என்னும் கேள்வி ஆசிரியர்களுக்கு உரியது. அந்தக் கேள்வி மருத்துவமனையில் பட்ட பாட்டைப் போல வேறெங்கும் பட்டதில்லை.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு தோன்றியது. 1957ஆம் ஆண்டு மே மாதம் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நான்காண்டுகள் மண்ணை அகற்றிய பின், 1961ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிலக்கரிப் படிவம் முதன்முதலாகக் கண்ணுக்குத் தென்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் தொழில் பழகுநர் சட்டத்தை நிறைவேற்றிற்று. தொழில் பழகுபவர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர் என்பது அச்சட்டத்தின் கருத்து. நெய்வேலியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதன்று. அண்ணன்மார் காக்கிச் சட்டையும் சாப்பாட்டுத் தூக்குமாகச் சைக்கிளில் பயிற்சிக்குப் போவதைப் பார்த்தே அறிவார்கள். வாளிகள் கோத்த பெருஞ்சக்கரத்தால் மண்ணை வெட்டும் எந்திரத்தை நேற்று வந்த பையனிடம் எவரும் ஒப்படைப்பதில்லை. பழகியவர் அருகே அவன் நாட்கணக்கில் நின்று பார்க்கிறான். (அந்தச் சட்டத்தைக் குறைந்த ஊதியத்துக்கு ஆள் பிடிக்கும் வழியாகவும் பயன்படுத்தலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அது வேறு பேச்சு.)

எந்திரத்துக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை நோயாளியின் கட்டிலருகே நிற்கும் மாணவிக்கு நாம் காட்டியிருக்கிறோமா?

இக்கேள்வியை என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தவள் என் பழைய மாணவி ஒருத்தி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவரின் மகள்; பிளஸ் டூ முடித்து வெளியூரில் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் மாலை தகப்பனும் மகளும் வந்தார்கள். வாசலில் தகரப் பெட்டி இருந்தது. “சார், படிப்பு வேணாம்னு வந்துட்டா. நீங்களே கேளுங்க” என்றார் அவர். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

ஆண்கள் அறுவை வார்டில் அவளுக்கு இரண்டாவது வாரம். காலில் ஆறாத புண்ணுடன் முதியவர் ஒருவர். “நீ போய்க் கட்டை மாற்று” என்று சிஸ்டர் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். வகுப்பில் பொம்மையின் காலில் கட்டுப் போட்டுப் பழகியவள் அவள். பொம்மைக்குப் புண் இல்லை. இங்கோ துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. இழுத்தாள். முதியவர் அலறினார். இரத்தம் கசிந்தது. அவள் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு வார்டை விட்டு ஓடினாள். பிறகு எல்லார் முன்னிலையிலும் வசவு விழுந்தது. “அவர் அம்மான்னு கத்தினார் ஐயா, என்னைத்தான் கூப்பிட்டாரோன்னு இருந்தது” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எந்தத் தொழிலிலும் தொடக்கத்தில் கடினந்தான் அம்மா, பொறுத்துக்கொள்” என்றேன். இருபத்தெட்டு ஆண்டு ஆசிரியனாக இருந்தவன் சொல்லக்கூடிய மிக மட்டமான பதில் அதுதான். ஏனென்றால், எனக்கே இது நேர்ந்திருந்தது. ஆசிரியப் பயிற்சியின்போது என்னை ஒரு பள்ளிக்குக் கற்பித்தல் பழக அனுப்பினார்கள். என் பாடக்குறிப்பைப் பார்த்து, பின்வரிசையில் அமர்ந்து கவனித்து, பிறகு குறைகளை எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கவேண்டும் என்பது விதி. அவர் இரண்டாம் நாளே விடுப்பில் போனார். இரண்டு பிரிவுகளை என் தலையில் கட்டினார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நியாயமான ஐயம் ஒன்றைக் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பு சிரித்தது. நான் அவனை அடித்தேன். அச்சத்தால் அடித்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். மாதக் கடைசியில் என் பதிவேட்டில் ‘நன்று’ என்று கையெழுத்தாயிற்று. துணையின்றி விடப்படும் பயிற்சியாளனின் தவற்றுக்கு விலை கொடுப்பவன் பெரும்பாலும் அவனல்லன்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் செவிலியர் பயிற்சியின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

படிக்கப் போனால் எல்லாப் புத்தகமும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் கொண்டுபோய் விடும். கிரிமியப் போரில் அவர் ஆற்றிய தொண்டுக்கு நன்றியாகப் பொதுமக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு, 1860ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர் 15 பேர். ஓராண்டுப் பயிற்சி. இதுவரை பள்ளிப் பாடப்புத்தகத்திலும் உண்டு. பாடப்புத்தகம் சொல்லாத பகுதியே நமக்கு வேண்டியது. மாணவியர் வார்டில் துணைச் செவிலியராக வேலை செய்துகொண்டே கற்பது என்பது ஏற்பாடு. வேலை கண்ணுக்குத் தெரிந்தது, கற்பது தெரியவில்லை. 1871ஆம் ஆண்டு மருத்துவமனை தேம்ஸ் கரையில் பெரிய புதுக்கட்டடத்துக்குக் குடியேறியபோது வேலை இன்னும் பெருகிற்று. பள்ளி தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நைட்டிங்கேல் நெருங்கி ஆராய்ந்தபோதுதான், சொற்பொழிவுகள் ஒழுங்காக நடப்பதில்லை என்பதும், மாணவியர் கற்பவர்களாக அன்றிக் கைகளாகவே பயன்படுகின்றனர் என்பதும் அவருக்குத் தெரியவந்தன. உலகம் அவர் பள்ளியைப் போற்றிக்கொண்டிருந்த காலம் அது!

அவர் செய்தது என்ன? புதிய பாடத்திட்டம் எழுதினார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் முதலில் தேடியது ஓர் ஆளை. மாணவியர் தங்கும் விடுதிக்கென்று ‘ஹோம் சிஸ்டர்’ என்னும் பதவி 1872ஆம் ஆண்டு உண்டாயிற்று. வார்டில் கண்டதை மாலையில் கேட்டு, விளங்காததை விளக்கி, மனம் சோர்ந்தவளைத் தேற்றி உடனிருப்பது அப்பதவியின் வேலை. மருத்துவ விரிவுரைக்கும் வேறொருவர் வந்தார். நைட்டிங்கேல் தாமே மாணவியரை ஒவ்வொருவராக வரவழைத்துப் பேசிக் குறிப்பு எழுதிக்கொண்டார். அவர்களுக்கு ஆண்டு மடல்கள் எழுதலானார். படுக்கையை விட்டு அதிகம் எழாத ஒரு மூதாட்டி இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போது, நூறு அடி தள்ளியிருந்த வகுப்பை எட்டிப்பார்க்கச் சோம்பிய சில நாட்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

செயின்ட் தாமஸ் புதுக்கட்டடம் திறந்த அதே 1871ஆம் ஆண்டிலேயே நம் சென்னைப் பொது மருத்துவமனையிலும் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. அதற்கும் முன்னால், 1854ஆம் ஆண்டிலேயே மருத்துவச்சிகளுக்கான பயிற்சி சென்னையில் ஏற்பட்டிருந்தது. ஆனால் நம் பெண்கள் எளிதில் முன்வரவில்லை. சாதிக் கட்டும், பிறர் உடலைத் தொடுவதைப் பற்றிய கூச்சமும், இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவதைப் பற்றிய பழிச்சொல்லும் தடுத்தன. சங்க இலக்கியத்தில் செவிலித்தாய்க்கு எவ்வளவு உயர்ந்த இடம் என்று தமிழாசிரியர்கள் வகுப்பில் உருகுவார்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் தம் மகளைச் செவிலியாக அனுப்ப மாட்டார்கள். எனக்குத் தெரிந்தே இருவர் உண்டு.

1926ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. தகுதி பெற்றவர்களைப் பதிவு செய்யும் முறை அதனால் ஏற்பட்டது. எனினும் தொகை சிறிது. 1943ஆம் ஆண்டு அமைந்து 1946ஆம் ஆண்டு அறிக்கை தந்த போர் குழு, நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே உள்ளனர் என்று கணக்கிட்டது; அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர். சர் ஜோசப் போர் தலைமை தாங்கியதால் அப்பெயர். சண்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். குழு அறிக்கை தந்த அதே 1946ஆம் ஆண்டு, அவருடைய பல்கலைக்கழகத்தின்கீழ் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்புத் தொடங்கியது. டெல்லியிலும் அதே ஆண்டு தொடங்கியது. பட்டதாரிச் செவிலியர் என்ற எண்ணமே பலருக்கு நகைப்பாக இருந்த காலம்.

வேலூரைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும. டாக்டர் ஐடா ஸ்கடர் 1902ஆம் ஆண்டு மகளிர் மருத்துவமனை திறந்தார். 1909ஆம் ஆண்டு செவிலியர் பள்ளி ஏற்பட்டது. ஒரு மருத்துவமனையை நடத்த டாக்டர் மட்டும் போதாது என்பதை அந்த அம்மையார் பட்டே அறிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் வேலூர்ச் செவிலியர் கல்லூரி கைக்கொண்ட முறை ஒன்று ஆசிரியன் என்ற வகையில் என்னைக் கவர்ந்தது. கல்லூரியில் பாடம் நடத்துபவர்களே வார்டின் பொறுப்பையும் ஏற்கிறார்கள். வகுப்பறையில் ஒரு நியாயம், வார்டில் வேறொரு நியாயம் என்று மாணவி திண்டாட வேண்டியதில்லை. கட்டு மாற்றுவது எப்படி என்று கரும்பலகையில் எழுதியவர், மறுநாள் அதே கட்டிலருகே நிற்கிறார். இது செலவு மிகுந்த முறை. உழைப்பும் மிகுந்த முறை. எல்லா இடத்திலும் பரவாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மேல்நாட்டில் எல்லாம் சரியாக இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நைட்டிங்கேலின் நாட்டிலேயே, 1947ஆம் ஆண்டு சர் இராபர்ட் வுட் தலைமையிலான குழு, செவிலியர் மாணவியர் முழுமையான மாணவியராக நடத்தப்பட வேண்டும் என்று அரசுக்குச் சொல்லவேண்டியிருந்தது. அது நிறைவேறவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு பெரிய போதனை மருத்துவமனையை ஆராய்ந்தார். 1960ஆம் ஆண்டு அவருடைய கட்டுரை வெளிவந்தது. அங்குச் செவிலியர் ஏறத்தாழ 700 பேர், அவர்களுள் பயிற்சி முடித்தவர் ஏறத்தாழ 150 பேர், மற்றவரெல்லாரும் மாணவியர்! ஆக, மாணவியரே மருத்துவமனையை நடத்தினர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே விலகினர்.

ஏன் விலகினர் என்பதற்கு அவர் கூறிய விடை ஆழமானது. நோயையும் மரணத்தையும் நாள்தோறும் காணும் இளம்பெண்ணுக்கு அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சத்தைப் பேசித் தீர்ப்பதற்கு மருத்துவமனை இடம் தரவில்லை. மாறாக, அச்சம் எழாதபடி தடுப்பதாக எண்ணி வழக்கங்களை வளர்த்துக்கொண்டது. ஒரு மாணவி ஒரு நோயாளியோடு பழக நேராதபடி வேலையைத் துண்டு துண்டாக்கி, எல்லா நோயாளிகளுக்கும் ஒரு சிறு பணி என்று பிரித்துக் கொடுத்தார்கள். நோயாளிக்குப் பெயர் போய், கட்டில் எண்ணும் நோயுற்ற உறுப்பும் அடையாளமாயின. நேரப்படி மருந்து தரவேண்டும் என்பதற்காக, உறங்கும் நோயாளியை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுத்த கதையும் அக்கட்டுரையில் உண்டு. சிரிப்பு வருகிறதல்லவா? அடுத்ததைக் கேட்டால் வராது. விலகிப் போனவர்களுள் குறிப்பிடத்தக்க தொகையினர் மற்றவரைவிட மனமுதிர்ச்சியும் திறமையும் மிக்கவர்கள் என்றும் அவர் கண்டார்.

இதைப் படித்தபோது தகரப் பெட்டியுடன் என் வாசலில் நின்ற பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளை நான் மென்மையானவள் என்று மதிப்பிட்டிருந்தேன்.

பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுத் திட்டத்துக்குப் பிறகே வார்டின் ஆள்கணக்கில் மாணவியரைச் சேர்க்காமல் விடும் முறை வந்தது. நம் நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய செவிலியர் மன்றம் பாடமும் பயிற்சியும் எங்கும் ஒரு தரமாக இருக்க விதிகள் செய்தது. பத்து மாணவியர்க்கு ஓர் ஆசிரியர், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பன அவ்விதிகளில் கண்ட அளவுகள். 1987ஆம் ஆண்டு மத்திய அரசு செவிலியர் தொழிலை ஆராய உயர்நிலைக் குழு ஒன்றை நியமித்தது. நம் தமிழ்நாட்டுச் சமூகத் தொண்டர் சரோஜினி வரதப்பன் அதன் தலைமையை ஏற்று 1989ஆம் ஆண்டு அறிக்கையை முடித்துத் தந்தார்.

விதி எழுதுவோர் எதிர்பாராத திருப்பம் அதன் பிறகு வந்தது. செவிலியர் கல்லூரிகள் நம் மாநிலத்தில் விரைந்து பெருகின. கட்டில்கள் அவ்வேகத்தில் பெருகவில்லை. ஒரு மாவட்ட மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கப் போனபோது, ஒரே நோயாளியைச் சுற்றி மூன்று நிறச் சீருடைகளில் மாணவியர் நிற்பதைக் கண்டேன். மூன்று கல்லூரிகள்! ஒரு மாணவி இரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும் அடுத்தவள் பட்டையைச் சுற்றினாள். நோயாளி கையை நீட்டியபடியே உறங்கிப் போனார். முன்பு மாணவி வேலையில் மூழ்கிக் கற்காமல் போனாள்; இப்போது கூட்டத்தில் நின்று குறிப்பேட்டை நிரப்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கற்காமல் போகிறாள். இரண்டுக்கும் இடையில் வேற்றுமை பெரிதாகத் தோன்றினும், இரண்டிடத்திலும் இல்லாதிருப்பவர் அவளருகே நிற்க வேண்டிய ஆசிரியரே.

என் மாணவிக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அவள் ஊருக்கு வந்த மூன்றாம் நாள், அவளுடைய டியூட்டர் தொலைபேசியில் தகப்பனாரை அழைத்தார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லையாம். “அந்தத் தாத்தாவுக்கு நாளை காலை எட்டு மணிக்குக் கட்டு மாற்ற வேண்டும். நான் வார்டில் இருப்பேன். அவளை அனுப்புங்கள்” என்றாராம். இரவு பஸ்ஸிலேயே தகப்பன் அழைத்துப் போனார். தகரப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் டியூட்டர் அவளருகே நின்றார். கையைக் கழுவச் சொன்னார். வேண்டிய பொருள்களையெல்லாம் தட்டில் முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொன்னார். ஒட்டிய துணியின்மேல் சலைன் நீரை விட்டு ஊற வைக்கச் செய்தார். “இப்போது அவசரப்படாதே. ஊறுகிற வரைக்கும் தாத்தாவுடன் பேசிக்கொண்டிரு” என்றார். முதியவருக்கு விருத்தாசலம் பக்கம் ஒரு சிற்றூர். முந்திரிக் கொல்லை வைத்திருந்தவர். பேசிக்கொண்டிருக்கும்போதே துணி நழுவி வந்துவிட்டது. அவர் பேச்சை நிறுத்தவில்லை.

அந்தப் பெண் படித்து முடித்து, சில ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்து, மேலும் படித்து, இன்று தானே டியூட்டராக இருக்கிறாள். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, “புதுப் பிள்ளைகளை முதல் நாள் வார்டுக்கு அழைத்துப் போனால் என்ன செய்வாய்?” என்று கேட்டேன். முதல் ஒரு மணி நேரம் எந்த வேலையும் கொடுப்பதில்லை என்றாள். ஆளுக்கு ஒரு நோயாளியின் அருகே உட்கார்ந்து பெயரும் ஊரும் தெரிந்துகொண்டு வரவேண்டும். மாலையில் விடுதிக்குப் போகுமுன் அரை மணி நேரம் அன்று பயந்தது எதற்கு என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். முதலில் அவளே தன் கட்டுத் துணிக் கதையைச் சொல்லிவிடுவாளாம். பிறகு யாரும் கூச்சப்படுவதில்லை.

அன்று வைத சிஸ்டரைப் பற்றிக் கேட்டேன். கோபத்தோடு ஏதேனும் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“அவங்களை அப்புறம் பார்த்துப் பேசினேன் ஐயா. அன்னைக்கு அந்த வார்டுல நாற்பது கட்டில். அவங்க ஒருத்திதான் டியூட்டி” என்றாள்.